வாய்க்கட்டு நாள்

திலகா பேசாமல் இருந்த காலம் ஒன்று உண்டென்றால் அது அவள் பிறப்பதற்கு முந்திய காலம்தான் என்று அவளுடைய அம்மா அடிக்கடி சொல்வாள். அப்படிப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை காலை, மலேசியாவில் நீலாயில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் தரவு அறிவியல் ஆய்வுக் குழு அறையில், வாயைத் திறந்தால் பட்டம் கைநழுவிவிடும் என்ற நிலையில், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. படிப்பை முடித்து வெளியேறுகிறவரின் வேலையை, புதிதாகச் சேர வருகிறவர் எடுத்து முதலிலிருந்து கடைசிவரை கணினியில் தானே ஓட்டிக் காட்ட வேண்டும். வெளியேறுகிறவர் எழுதி வைத்த குறிப்பு மட்டும்தான் துணை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கையைக் காட்டக்கூடாது, கண்ணைக்கூட உருட்டக்கூடாது. எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டால் அவருக்கு அன்றைக்கே ஆய்வேட்டில் கையெழுத்து. இடையில் வாயைத் திறந்தால் அத்தனையும் செல்லாது, அடுத்த தவணைக்குத்தான். குழுத் தலைவர் டாக்டர் குணாளன் இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் வாய்க்கட்டு. மந்திரவாதி செய்கிற காரியம் மாதிரி இருந்தாலும் அதுதான் நிலைத்தது. குழுவில் இருந்த மலாய்ப் பையன் ஹபீஸ்கூட வாய்க்கட்டு என்றுதான் சொல்வான்.

வழக்கம் சும்மா வரவில்லை. முன்பு முருகையா என்று ஒரு கெட்டிக்காரன் இருந்தான். படிப்பை முடித்த கையோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன வேலையை யாராலும் ஓட்ட முடியவில்லை. எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது, தலையோ சிங்கப்பூரில் இருந்தது. குணாளன் அவனுக்குப் போன் போட்டுப் போட்டே ஓய்ந்துபோனார். அதற்குப் பிறகு பிறந்ததுதான் இந்தச் சட்டம்.

இன்றைக்குக் கையெழுத்து கிடைத்தால் இந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் திலகாவின் பெயர் ஏறும். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு. அது அவளோடு போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. சி ரூசா கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும், பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் அவளுடைய அப்பா மணியம். மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று அவர் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி, கோயிலில் சொல்லி, பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் ஊற்றும் வங்காளதேசிப் பையனிடமும் மலாயில் சொல்லிவிட்டார். அம்மா சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக வேன் பேசிவிட்டாள்.

காலையிலிருந்து திலகாவுக்குக் கை கால் ஓடவில்லை. பயத்தில் இல்லை, குஷியில். அவளுடைய வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது. வெட்டிப் போட்ட செம்பனைக் குலையின் படத்தைக் காட்டினால் அது பழமா காயா என்று கணினி சொல்லிவிடும். தோட்டத்தில் இதற்கென்றே தினமும் ஒரு சண்டை நடக்கும். காயை வெட்டினால் ஆலையில் எண்ணெய் இறங்காது, வெட்டியவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். காய் என்பார் மண்டோர், பழம் என்பார் வெட்டியவர். நடுவில் கட்சி சேராத ஒரு கருவி இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்று திலகா கிளம்பினாள். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அப்பா வெட்டுகிற பகுதியிலேயே ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக் கணினிக்குப் பழக்கினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. கோலாலம்பூர் மாநாட்டில் அதைக் கேட்டுப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். அன்றிலிருந்து திலகா தரையில் நடந்ததாகத் தெரியவில்லை.

புதிதாகச் சேர வந்தவள் ஜூலியானா. ஊர் கோலா பிலா பக்கம். அப்பா ஜோசப்ராஜுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை நிலம் உண்டு, குடும்பமே சேர்ந்து வெட்டும். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு கேள்வி கேட்டால் அரைப் பதில் சொல்கிற பெண். காலையில் அறைக்குள் வந்ததும் எல்லோருக்கும் ஒரே ஒரு முறை தலையசைத்துவிட்டு, திலகாவைப் பார்த்து மட்டும், “கும்பிடுறேன்க்கா,” என்றாள். திலகா பதிலுக்கு ஒரு கதையே சொல்லியிருப்பாள். குணாளன் கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பிக்கலாம். திலகா, இனிமே பூட்டு,” என்றார்.

பூட்டிய பிறகு முதல் சோதனை சீக்கிரமே வந்தது. ஜூலியானா குறிப்பைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தாள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. தப்பு திலகாவுடையது. ஒரு மென்பொருளின் பழைய பதிப்பைத்தான் போட வேண்டும் என்பதைக் குறிப்பில் எழுதாமல் விட்டிருந்தாள். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன விஷயம், மூச்சு விடு என்று யார் எழுதி வைப்பார்கள்? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு துடித்தது. ஹபீஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து, கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தான். வாயில் ஏதாவது இருந்தால் பேச்சு வராது என்பது அவன் கணக்கு.

ஜூலியானா பதறவில்லை. சிவப்பு எழுத்தை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு திலகா ஆய்வு தொடங்கிய ஆண்டு எது என்று குறிப்பின் தலைப்பில் பார்த்தாள். அந்த ஆண்டில் வந்த பதிப்பைத் தேடிப் போட்டாள். சிவப்பு மறைந்தது. திலகாவுக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடிப்பது சட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால் கறிபாப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கணினி படங்களை ஒவ்வொன்றாகப் பழக ஆரம்பித்தது. ஹபீஸ் மசூதிக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தான். குணாளன் இரண்டு முறை தேத்தண்ணீர் குடித்தார். திலகா நாற்காலியில் அப்படியும் இப்படியும் நெளிந்தாள். கடைசியில் திரையில் எண் வந்தது. தொண்ணூற்றெட்டு. திலகாவின் ஆய்வேட்டில் இருந்த அதே எண், கொஞ்சமும் பிசகாமல். ஹபீஸ் மேசையைத் தட்டினான். ஜூலியானா முதல் முறையாகச் சிரித்தாள். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

குணாளன் ஆய்வேட்டின் கையெழுத்துப் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார். “திலகா பங்கு முடிஞ்ச மாதிரிதான். ஜூலியானா, நீங்க கொண்டாந்த படத்தப் போட்டுப் பாருங்க. அத முடிச்சிட்டு ஒண்ணா கையெழுத்துப் போட்டுருவோம்.”

அது வழக்கத்தின் கடைசிப் படி. வருகிறவர், வெளியேறுகிறவர் கால் வைக்காத இடத்தில் தானாகப் படம் எடுத்து வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். அது வருகிறவருக்கு வைக்கிற சோதனை. போன முறை வந்த பையன் பாதிப் படங்களில் தன் கட்டைவிரலையும் சேர்த்து எடுத்திருந்தான். அவன் திரும்பிப் போய் அடுத்த தவணைக்கு வந்தான். படம் சரியில்லை என்றால் வந்தவர்தான் திரும்பிப் போவார், வெளியேறுகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

ஜூலியானா அப்பாவின் நிலத்தில் எடுத்த படங்களைப் போட்டாள். முதல் படத்துக்குக் கணினி சொன்னது: காய். இரண்டாவது, காய். மூன்றாவதும் காய்.

ஹபீஸ் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தான். திரையில் இருந்த குலையைப் பார்த்தால் செம்பனை மரத்தையே பார்க்காதவனும் பழம் என்றுதான் சொல்வான். செக்கச் செவேலென்று, பழம் உதிர்ந்த குழிகளோடு கிடந்தது. கணினி மட்டும் தன் பேச்சில் உறுதியாக இருந்தது. ஜூலியானா வேகவேகமாக மற்றப் படங்களையும் போட்டாள். காய், காய், காய். ஒன்றுகூடப் பழமில்லை.

“என்னா நேரத்துல எடுத்தீங்க?” என்று குணாளன் கேட்டார்.

“காலையிலங்க டாக்டர்.”

“கோலா பிலா பக்கம் காலையில பனி இருக்கும். வெளிச்சம் மாறியிருக்கலாம். கேமரா வேற.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் வளைய மாட்டார். “இது சகஜம்தான். நல்லா எடுத்துக்கிட்டு அடுத்த தவணைக்கு வாங்க. இடம் இருக்கும்.”

ஜூலியானாவின் முகம் சுண்டிப்போனது. “இது பழம்தான் டாக்டர். ஒதிர்ந்தத நானே பொறுக்குனேன்,” என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். தான் பார்த்த பழத்தைவிடக் கணினியை நம்பத் தொடங்குவது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அடுத்த தவணைவரை அவளுக்கு வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. தொழிற்சாலை வேலைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

திலகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ ஒன்று குறைந்தது. ஆயிரக்கணக்கில் குலைப் படம் பார்த்த கண் அவளுடையது. தன் படங்களில் இருக்கிற ஏதோ ஒன்று இதில் இல்லை. பழம் இருக்கிறது, முள் இருக்கிறது, காம்பு இருக்கிறது. காம்பின் வெட்டுவாய் வெறுமையாக, வெள்ளையாக இருந்தது.

பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது.

தோட்டத்தில் குலையை வெட்டி ரோட்டோரம் அடுக்கியதும் ஒவ்வொருவரும் தங்கள் நம்பரைக் காம்பின் வெட்டுவாயில் எழுதிவிடுவார்கள். யார் வெட்டியது என்று கணக்கெடுக்க அதுதான் வழி. அப்பாவின் நம்பர் நாற்பத்து மூன்று. நீலக் கிரேயானில், மூன்றுக்கு ஒரு வாலை நீட்டி, கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுதுவார். திலகாவின் பழக்குலைப் படங்கள் அத்தனையிலும் அந்த நாற்பத்து மூன்று இருந்தது. கோலா பிலாவில் ஜோசப்ராஜ் குடும்பத்துக்கு நம்பர் எதற்கு? தங்கள் நிலம், தங்கள் குலை.

காய்க்குலைக்கு? அது இன்னும் நன்றாக நினைவிருந்தது. ஆராய்ச்சிக்குக் காயும் வேண்டும் என்று மேனேஜரிடம் தனியாக அனுமதி வாங்கி, அப்பாவையே வெட்டித்தரச் சொன்னாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டினார். வெட்டிப் போட்டுவிட்டுக் கிரேயானைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நம்பர் போடலயாப்பா?” என்று அவள் கேட்டாள். “படிப்புக்குத்தான்னாலும் காயில என் நம்பரு விழாது,” என்றார். அவளும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். ஒரு காயில்கூட நாற்பத்து மூன்று இல்லை.

ஆக, கணினி பழத்தைப் பார்க்கவே இல்லை. நாற்பத்து மூன்று இருந்தால் பழம், இல்லாவிட்டால் காய். இரண்டு வருடமாக அது அப்பாவின் கையெழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது. மாநாட்டில் பெரிய ஆட்கள் கைதட்டியது அதற்குத்தான்.

திலகாவுக்குப் பயம் இருந்தது, அவமானமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவற்றை முந்திக்கொண்டு வந்தது சந்தோஷம். கெட்ட செய்தியில் என்ன சந்தோஷம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

குணாளன் பேனாவை எடுத்தார். “சரி, திலகாவோடத மொதல்ல முடிச்சிருவோம்.”

பேனா முனை காகிதத்துக்கு அருகில் இருந்தது. ஒரு மூச்சு பொறுத்தால் போதும் என்று திலகா நினைத்தாள். கையெழுத்து விழட்டும். அதற்குப் பிறகு சொல்லலாம். வேன் பேசியாகிவிட்டது. அப்பா பெட்ரோல் ஸ்டேஷன்வரை சொல்லிவிட்டார். இரண்டு வருடம் பொறுத்தவளுக்கு ஒரு மூச்சுப் பொறுக்க முடியாதா?

அப்போது ஜூலியானா அவள் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சிருங்கக்கா. ஒங்க நாள நான் கெடுத்துட்டேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியல.”

“எழுதாதீங்க டாக்டர்,” என்றாள் திலகா.

ஹபீஸின் வாய் திறந்தபடி இருந்தது. சட்டம் முறிந்தது முறிந்ததுதான், இனி எதற்குக் கஞ்சத்தனம் என்று திலகா காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். “அவ படம் நல்லாத்தான் இருக்கு. என்னோடதுதான் தப்பு. காம்பப் பாருங்க, காம்ப. நாப்பத்து மூணு எங்கப்பா நம்பரு. பழத்துலதான் போடுவாரு, காயில போட மாட்டாரு. அவ வீட்டுல யாரும் நம்பரே போடுறதில்ல. இந்தக் கம்ப்யூட்டரு பழத்தப் பாக்கவே இல்ல டாக்டர், எங்கப்பாவப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

“என்ன, என்ன?” என்று ஹபீஸ் மலாயில் கேட்டான். திலகா மலாயில் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது முறை சொன்னபோது இன்னும் குஷியாக இருந்தது.

குணாளன் எழுந்து திரைக்கு அருகில் வந்தார். ஜூலியானாதான் முதலில் கையை அசைத்தாள். தன் குலைப் படம் ஒன்றைத் திறந்து, வரைகிற கருவியை எடுத்து, வெள்ளைக் காம்பின் மேல் மௌஸால் நீலத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினாள். கோணல்மாணலாக வந்தது. திலகா, “மூணுக்கு வால் நீளமா போடு,” என்றாள். ஜூலியானா வாலை நீட்டினாள். படத்தைக் கணினிக்குக் கொடுத்தாள்.

பழம் என்றது கணினி.

ஹபீஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மீதியிருந்த கறிபாப் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதன் ஓரத்தில் நீலமாக நாற்பத்து மூன்று போட்டுக் கொடுத்தான். கறிபாப்பும் பழமானது. நாற்காலியைக் கொடுத்தார்கள், நாற்காலி பழம். கடைசியில் குழுவின் இணையப் பக்கத்திலிருந்து குணாளனின் படத்தை எடுத்து, அவர் நெற்றியில் திலகாவே தன் கையால் எழுதினாள். கணினி கொஞ்சமும் தயங்காமல் அவரையும் பழம் என்றது. ஜூலியானா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். குணாளன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். “ரெண்டு வருசமா இந்தப் படத்த நானும் பாத்தேன். எனக்கும் தெரியல,” என்றார். பிறகு ஜூலியானாவின் சேர்க்கைப் பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “ஒங்க படம் நல்ல படம். திங்கக்கெழமை வந்துருங்க.”

ஜூலியானா பாரத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் கண் மேசையில் இருந்த இன்னொரு காகிதத்தின் மேலேயே இருந்தது. எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது. குணாளன் பேனா மூடியை மாட்டினார்.

“நீங்க வாயத் தொறக்கலன்னா நான் கையெழுத்துப் போட்டுருப்பேன், திலகா.”

“தெரியும் டாக்டர்.”

“போட்ட பெறகு சொல்லியிருக்கலாம்.”

“அதுவும் தெரியும் டாக்டர். முடியல.”

அவர் தலையை ஆட்டினார். “இந்த வருசம் இல்ல. புதுப் படம் எடுக்கணும், பல தோட்டத்துல எடுக்கணும், முழுசாத் திருப்பிச் செய்யணும். அடுத்த வருசந்தான். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டு, “ஆனா அப்பத்தான் அது உண்மையிலேயே ஒங்க ஆராய்ச்சியா இருக்கும்,” என்றார்.

திலகா போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுப் பக்கம் வந்தாள். விமான நிலையத்தில் இறங்குவதற்காக ஒரு விமானம் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. அறைக்குள் இருந்தவரை இருந்த குஷி இங்கே வந்ததும் காலின் கீழிருந்து நழுவியது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? போன் ஒரு முறை அடித்ததும் எடுத்துவிட்டார், கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

“முடிஞ்சிதாம்மா?”

“இந்த வருசம் பட்டம் இல்லப்பா. அடுத்த வருசந்தான்.”

அந்தப் பக்கம் கோழி கேறுகிற சத்தம் மட்டும் கேட்டது. “பெயிலா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பெயில் இல்லப்பா. வாயத் தொறந்துட்டேன்.”

“அது எதிர்பார்த்ததுதான்,” என்றார். குரலில் சிரிப்பு இல்லை. மகளைத் தேற்றுவதற்காகச் சொன்னது. அதைக் கேட்டதும் திலகா விட்டு விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கோலா பிலாப் பெண், காம்பு, நீலக் கிரேயான், பழமாகிப்போன கறிபாப். “ரெண்டு வருசமா அது பழத்தப் பாக்கலப்பா. ஒங்க நம்பரு இருந்தா பழம்னு சொல்லியிருக்கு. இல்லாட்டி காய்னு சொல்லியிருக்கு. அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்சது.”

“சரியாத்தானம்மா சொல்லியிருக்கு,” என்றார் மணியம். “நாப்பத்து மூணு போட்டிருந்தா அது பழந்தான்.”

திலகா படியில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று மாநாட்டில் சொன்னபோதுகூட யாரும் அதை இவ்வளவு நிச்சயமாக ஏற்றுக்கொண்டதில்லை.

அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். “அன்னைக்கி நீ கேட்டப்ப காயிலயும் நம்பரப் போட்டிருந்தா, இந்தத் தப்பு வந்துருக்காதில்ல?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். “வந்துருக்காதுப்பா.”

“இந்த வருசமே பட்டம் வாங்கியிருப்ப.”

“ஆமாப்பா.”

மறுபடியும் கோழிச் சத்தம். அம்மா உள்ளிருந்து என்ன என்ன என்று கேட்பதும், அப்பா அவளைக் கையமர்த்துவதும் தெரிந்தது. அவர் இதைச் சாதாரணமாக எடைபோடவில்லை என்று திலகாவுக்குப் புரிந்தது. ஒரு பக்கம் மகளின் பட்டம். மறு பக்கம் நாற்பத்து மூன்று.

“இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்மா,” என்றார்.

திலகாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. “தெரியும்ப்பா,” என்றாள். “என்னாலயும் பேசாம இருக்க முடியலப்பா.”

“அப்பறம் என்னம்மா, வுடு,” என்றார் மணியம். “அடுத்த வருசம் வாங்கிக்க. வேன்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

கதவைத் திறந்துகொண்டு ஜூலியானா ஓடி வந்தாள். அவள் ஓடுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பழைய படங்களில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து, காம்பை மறைத்துக் கணினியை மறுபடி பழக்கிப் பார்த்தார்களாம். “அக்கா, ரொம்பக் கீழ வந்துருச்சுக்கா, தொண்ணூத்தெட்டு இப்ப அறுவதுக்கிட்ட நிக்கிது. ஆனா எங்க வீட்டுக் குலை ஒண்ணப் பழம்னு சொல்லிருச்சு. நம்பர் இல்லாமலே.”

“எந்தக் குலை?” என்று எழுந்தாள் திலகா. போனில், “ப்பா, அப்பறமா கூப்புடுறேன், வேல இருக்கு,” என்றாள்.

“போ, போ,” என்றார் அவர். அவள் அதற்குள் உள்ளே போயிருந்தாள்.